மேசையில் ஒரு கொழுந்துக் கொப்பு

வணக்கம் நேயர்களே. இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சின்னதாக ஒரு கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன். பின்னறையில் பார்வை அளந்து கண்ணாடி எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. கண்ணில் புரையோ வேறு நோயோ தெரிந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன்.

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும், நாற்பது தாண்டிய அக்காமார் வந்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். "தூரத்துல வார பஸ்ஸு தெரியுது சேர், ஊசியில நூல் கோக்க முடியல." இது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு விறைத்துப்போவதால் வருவது. ஊசியைச் சொல்வார்கள், கொழுந்தைச் சொல்லமாட்டார்கள். நாமாகக் கேட்டால்தான், "முத்தலும் சேந்து வந்துருது, மடுவத்துல ஏச்சு" என்று வெளியே வரும். முத்தல் என்றால் முற்றிய இலை, மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் இடம்.

தொடங்கிய காலத்தில் ஓர் அக்காவுக்கு, வழக்கப்படி வாசிப்பு அட்டையை 40 சென்ரிமீற்றரில் பிடித்து, மேலே தூரம் கீழே கிட்டம் என்று பைஃபோகல் கொடுத்தேன். இரண்டு கிழமையில் திரும்பி வந்தார். கண்ணாடி லேஞ்சிக்குள், அதாவது கைக்குட்டைக்குள். "இதப் போட்டுக்கிட்டு மலை எறங்கினா படி எங்க இருக்குன்னே தெரியல சேர்." குனிந்து பாதையைப் பார்க்கும்போது கண் கீழ்ப்பகுதி வழியாகத்தானே போகும்? என் தவறுதான். போதாக்குறைக்கு, அவர் தேயிலைச் செடியை 40 சென்ரிமீற்றரில் பார்ப்பதே இல்லை.

அன்றிலிருந்து மேசையில் ஒரு கொழுந்துக் கொப்பு இருக்கும். அட்டை அப்புறம். கொப்பைக் கையில் கொடுத்து, மலையில் நிற்பதுபோல் நிற்கச் சொல்லி நாடா பிடிப்பேன். பெரும்பாலும் 55, 60 வரும். அந்தத் தூரத்துக்குப் பவரைக் குறைத்து, இரண்டு இலையும் மொட்டும் பிரிந்து தெரியும்வரை வில்லை மாற்றுவேன். நேரம் பிடிக்கும். சொந்தக் கடை, கடிகாரம் பார்க்க முதலாளி இல்லை. வருமானம் பார்க்க வீட்டில் ஆள் இருக்கிறது, அது வேறு.

அசாமில் 751 தேயிலைத் தொழிலாளரிடம் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. எல்லோரும் நாற்பது கடந்தவர்கள். கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி கிடைத்தவர்களின் பறிப்பு, கிடைக்காதவர்களைவிட நாளைக்கு ஏறத்தாழ 5 கிலோ கூடுதலாக உயர்ந்தது. நம்ம பக்கம் அரைப்பேருக்கும் (அரைநாள் சம்பளம்) முழுப்பேருக்கும் (முழுநாள் சம்பளம்) நடுவில் நிற்பதும் அப்படிச் சில கிலோதான்.

அந்த அக்காவுக்குக் கிட்டத்துக்கு மட்டும் ஒரு சாதாரணக் கண்ணாடி செய்து நூல் கட்டிக் கொடுத்தேன். பறிக்கும்போது போடுவார், இறங்கும்போது கழுத்தில் தொங்கும். போன மாதம் கூடைக்கயிறு அழுத்திச் சட்டம் வளைந்துவிட்டதென்று வந்தார். நிமிர்த்திக் கொடுத்தேன், காசு வேண்டாமென்றேன். மேசையில் காய்ந்து கிடந்ததை எடுத்து வீசிவிட்டு, மடியிலிருந்து புதுக் கொப்பொன்றை வைத்துவிட்டுப் போனார்.