ஒரு கிலோ கொழுந்தில் என்ன மிஞ்சும்? நீலகிரி சிறு விவசாயியின் ஒரு ஏக்கர் கணக்கு

[திரையில்: மலைச்சரிவில் தேயிலைத் தோட்டம், கொழுந்து பறிக்கும் கைகள்]

வணக்கம். நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகளுக்கு விலைதான் முதல் கவலை. 2023இல் பச்சைத் தேயிலை கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசு கேட்டு உண்ணாவிரதமே இருந்தார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது. விலை உயரும்வரை தோட்டத்தை எப்படித் தாங்குவது என்பதைத்தான் இன்று கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

கொழுந்து விலை தேயிலைத் தூளின் ஏல விலையை ஒட்டியே வருகிறது. ஏலத்தில் கிடைப்பதில் நூற்றுக்கு 65 பங்கு விவசாயிக்கு, 35 தொழிற்சாலைக்கு. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்குச் சற்று மேல் கொழுந்து வேண்டும். தூள் 100 ரூபாய்க்குப் போனால் உங்கள் பங்கு 65. அதை நாலால் வகுத்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 16 ரூபாய். தூள் விலை 10 ரூபாய் ஏறினாலும் கொழுந்துக்கு ஒன்றரை ரூபாய்தான் கூடும்.

[திரையில்: கணக்கு]

இனி மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர்க் கூலியை, உங்கள் மகசூலைப் போட்டுக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 5,000 கிலோ, கிலோ 20 ரூபாய் என்றால் வரவு 1 லட்சம். நாள் கூலி 400. கையால் ஒருவர் 25 கிலோ பறித்தால் கிலோவுக்குப் பறிகூலியே 16 ரூபாய், மொத்தம் 80,000. உரம், களை, மருந்து, கவாத்து (செடியை வெட்டிவிட்டுப் புதிதாகத் துளிர்க்க வைப்பது), வண்டி வாடகைக்கு 30,000 வைத்தால் 10,000 நட்டம். அதே ஆள் கத்திரியால் 60 கிலோ எடுத்தால் பறிகூலி 33,000தான் ஆகும். கையில் 37,000 நிற்கும். கிலோ 15 ரூபாய்க்கு இறங்கினால் அதுவும் 12,000 ஆகச் சுருங்கிவிடும்.

வீட்டு ஆட்களே பறித்தால் கூலிப் பணம் வீட்டில் நிற்கும். ஆனால் அது உங்கள் உழைப்புக்கான கூலி. லாபக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அப்படியானால் ஆண்டு முழுக்கக் கத்திரியே போதுமா? போதாது. ஒரே மட்டத்தில் திரும்பத் திரும்ப வெட்டினால் செடியைத் தாங்கும் இலை குறையும், கொழுந்து சிறுத்துவிடும், முற்றிய கரட்டு இலையும் கலந்து வரும். கொழுந்து மிகுந்த மாதங்களில் கத்திரி, குறைந்த மாதங்களில் கை என்று மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் முந்தைய வெட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். கைப்பறிப்பு 7 முதல் 10 நாளுக்கு ஒரு சுற்று வர வேண்டும். ஆள் கிடைக்காமல் 20 நாள் தள்ளினால் எடை கூடும், தரம் போகும். தொழிற்சாலை அதை விலையில் பிடித்துக்கொள்ளும். மழை நாளில் ஈரத்துக்கும் எடை கழிப்பார்கள். சாக்கில் அழுத்தி அடைத்தால் உள்ளே சூடேறி இலை சிவந்துவிடும்.

பலர் கவனிக்காத செலவு, தோட்டத்தில் செடி இல்லாத இடங்கள். அங்கே களை எடுக்கவும் காசு போகிறது, கொழுந்து மட்டும் வராது. கவாத்து செய்யும் ஆண்டில் அந்த இடங்களில் புதுக் கன்று நடுங்கள், அப்போதுதான் வெயில் கிடைக்கும்.

கவாத்தையும் ஒரே ஆண்டில் முடிக்காதீர்கள். வெட்டிய பகுதியில் சில மாதங்களுக்கு வருமானம் இருக்காது. ஆண்டுக்குக் கால் பங்கு என்று பிரித்தால் நாலு ஆண்டில் ஒரு சுற்று முடியும், மற்ற முக்கால் பங்கு பணம் தரும். வெட்டிய பகுதியில் தளிர் வரும்போது மழையும் மூடுபனியும் சேர்ந்தால் கொப்புள நோய் பிடிக்கும். மருந்துச் செலவை அந்தக் கால் பங்குக்கு முதலில் ஒதுக்குங்கள்.