நால்வர் படமும் நம் ஊர் நிலைக்கதவும்

(காரைக்குடியில் ஒரு வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே (நகர்மன்றம் என்று சொல்லியே பழகிய நாக்கு, திருத்திக்கொள்கிறேன்), எனக்கு யாப்பு சொல்லிக்கொடுத்துத் தோற்றுப்போன தமிழாசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த இடத்தைத் திறந்துவிட்ட மண்டபக்காரர் அவர்களே, எல்லாருக்கும் கந்தரப்பம் சுட்டுக் கொண்டுவந்திருக்கும் ஆச்சிமார்களே, அந்தக் கந்தரப்பத்துக்காக மட்டும் வந்திருக்கும் இளைஞர்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டேன். அவர் இன்றைக்கு வரவில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 2025 ஜூலையில் வந்த ‘தி ஃபென்டாஸ்டிக் ஃபோர்: ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ படத்தின் நிறைகுறை. இந்த வயசில் சூப்பர்ஹீரோ படம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். பேரன் கூப்பிட்டான், போனேன். நாலு பேர் படம் என்பதால் நாலு விஷயம் சொல்கிறேன்: கதை, குடும்பம், வில்லன், இசை.

1961-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் மார்வெல் காமிக்ஸில் கொண்டுவந்த நால்வர் இவர்கள். விண்வெளிக்குப் போன இடத்தில் கதிர்வீச்சு தாக்குகிறது. ரீட் ரப்பராக நீள்கிறார். அவர் மனைவி சூ கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறார். சூவின் தம்பி ஜானி தீயாகப் பறக்கிறான். நண்பன் பென் கல்லாகிப் போகிறான். இதைச் சினிமாவாக்க எத்தனை தடவை முயன்றிருக்கிறார்கள்! 1990-களில் சின்னச் செலவில் ஒன்று எடுத்தார்கள், அது தியேட்டருக்கே வரவில்லை. பட உரிமை கைவிட்டுப் போகக்கூடாது என்று எடுத்ததாக ஒரு பேச்சு உண்டு. சென்னையிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, பூர்வீக வீட்டில் தன் பங்கு அறையை மட்டும் கூட்டிவிட்டுப் போகிறார்களே, அந்த மாதிரி. அப்புறம் 2005-இல் ஒன்று, 2007-இல் அதன் இரண்டாம் பாகம். 2015-இல் வேறு ஆட்களை வைத்து முதலிலிருந்து. அந்தப் படம் வெளியாகிற சமயத்திலேயே, நான் எடுத்த நல்ல படத்தை நீங்கள் பார்க்கவே போவதில்லை என்கிற பொருளில் இயக்குநர் எழுதிப்போட்டு, பிறகு அழித்துவிட்டார். ஆள் மாறினாலும் இவர்களுக்குச் சக்தி எப்படி வந்தது என்பதையே மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய குருடி, கதவைத் திறடி!

புதுப் படத்தின் இயக்குநர் மேட் ஷக்மன் அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு டிவி நிகழ்ச்சியில் இவர்கள் கதையைச் சொல்வதாகக் காட்டிச் சில நிமிஷத்தில் முடித்துவிடுகிறார். 1960-களின் நியூயார்க்தான், ஆனால் பறக்கும் வண்டியும் ரோபோவும் உண்டு. அந்தக் காலத்து ஆட்கள் எதிர்காலத்தைக் கனவு கண்ட மாதிரி ஓர் ஊர். அந்த உலகத்துக்கு எண் 828. ஜாக் கிர்பி பிறந்தது ஆகஸ்ட் 28. நம் வீடுகளின் முகப்பில் கட்டிய வருஷத்தைப் பொறித்திருப்பார்களே, அந்த மரியாதை எனக்குப் பிடித்தது.

பழைய கதையைத் திரும்பச் சொல்வதே தப்பு என்று 1939-லிருந்து கம்பன் கழகம் இருக்கிற ஊரில் நின்று சொல்வேனா? கம்பனுக்கு முன்னால் வான்மீகி சொன்ன கதைதானே. அதில் குகனையும் சுக்கிரீவனையும் வீடணனையும் கூடப்பிறந்தவர்களாக்கி, நாலு பேரை ஏழு பேராக்கினான் கம்பன். இந்தப் படத்தில் அப்படி வந்து சேர்வது ஒரு குழந்தை. உலகங்களைத் தின்கிற கேலக்டஸ், வயிற்றில் இருக்கும் பிள்ளையைக் கொடுத்தால் பூமியை விட்டுவிடுகிறேன் என்கிறான். சூ மறுக்கிறாள். உலகத்துக்காகப் பிள்ளையையும் தரமாட்டேன், பிள்ளைக்காக உலகத்தையும் விடமாட்டேன் என்கிறாள். வனெஸா கிர்பி அதைச் சொல்லும்போது என் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்தார். படத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

குறை? உலகமே கோபத்தோடு வாசலில் வந்து நிற்கிறது, சூ ஒரு பேச்சுப் பேசியதும் அடங்கிவிடுகிறது. இங்கே ஒரு பங்காளியைச் சமாதானப்படுத்த மூன்று தலைமுறை ஆகிறது! கடைசியில் சூ இறக்கிறாள், பிள்ளை தொட்டதும் எழுந்துவிடுகிறாள். படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். அழ ஆரம்பித்தவனைப் பாதியில் நிறுத்தினால் எரிச்சல்தான் வருகிறது. பென்னுக்குள் இருக்கும் கல்லான துக்கத்தையும் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டார்கள்.

பங்காளி என்றதும் எங்கள் வீடு ஞாபகம் வருகிறது. பதினொரு பங்கு உள்ள வளவு வீடு. ஒரு கல்யாணம். நிலைக்கதவின் சாவி, ஒரு சாண் நீளம், கோயம்புத்தூரில் ஒரு பங்காளியிடம் இருந்தது. விடியற்காலை கொண்டுவந்தார். சாவி திரும்புகிறது, கதவு திறக்கவில்லை. தச்சர் வந்து தட்டிப் பார்த்தார். எஞ்சினியரிங் படித்த மருமகன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஸ்பிரிங் போயிருக்கும் என்றான். அந்தப் பூட்டில் ஸ்பிரிங்கே கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் தெருவில் நிற்கிறார்கள். மேளக்காரர் தெரிந்த உருப்படியெல்லாம் வாசித்து முடித்து, முதலில் வாசித்ததையே திரும்ப வாசிக்கிறார். ரம்பம் கொண்டுவா, அறுத்துவிடலாம் என்று ஒருவர் கிளம்பியும் விட்டார்.

அப்போது எங்கள் அப்பத்தாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். கண்ணில் புரை, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். கதவைத் தடவினார். கஜலட்சுமிக்குக் கீழே கை போயிற்று. பித்தளைக் குமிழ்களை எண்ணி, மூன்றாவதைத் திருகி, “இப்பப் போடு சாவிய” என்றார். கதவு பாட்டுக்குத் திறந்துகொண்டது! என் சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது: “பழைய குருடி, கதவைத் திறடி!” அப்பத்தா அந்தப் பக்கம் திரும்பினார். “குருடிதாண்டா திறந்தா. கண்ணு தெரிஞ்ச பதினொரு பேரும் என்ன பண்ணீக?”

அந்தக் கதவு இப்போது இல்லை. அப்பத்தா போன இரண்டாம் வருஷம் லாரி ஏறிவிட்டது. பர்மா தேக்கு, நல்ல விலை. எங்கோ ஒரு ஹோட்டல் சுவரில் பூட்டில்லாமல் சாய்ந்து நிற்பதாகக் கேள்வி. யாரைக் குறை சொல்ல? கையெழுத்துப் போட்ட பதினொரு பேரில் நானும் ஒருவன். செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்தார்கள். பட்டியல் அங்கே இருக்கிறது, தூணும் கதவும் இங்கே ஒவ்வொன்றாகப் போகிறது. பழைய குருடி கதவைத் திறடி என்று இனிமேல் சொல்லக்கூடக் கதவு வேண்டுமே.

அதனால்தான் ‘கதவுக் கணக்கு’ என்று சொல்லி ஊர் ஊராக நச்சரித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டுக் கதவு, தூண், நிலையைப் படம் எடுத்து, எந்தக் குமிழைத் திருக வேண்டும் என்பது உட்பட எழுதிவைப்போம். எல்லாப் பங்காளிக்கும் தெரியாமல் எதையும் கழற்றக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசுவோம். மாமன்ற உறுப்பினர் தலையாட்டுகிறார். ஆட்டியதை எல்லாரும் பார்த்தீர்கள்.

மூன்றாவது, வில்லன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆள் பெரிய ஆள், அவ்வளவுதான். இசை மைக்கேல் ஜியாக்கினோ, நன்றாக இருந்தது.

கையெழுத்து நோட்டு கந்தரப்பத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் பேனாவை எடுங்கள், பிறகு கந்தரப்பம். போன ஊரில் மாற்றிச் செய்து, பாதிப் பக்கம் எண்ணெய்.