எதிரணி சொன்னதைக் கேட்கப் பழகுவோம்
(கிளிநொச்சியில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

விவாதப் போட்டிக்குப் பிள்ளையைச் சேர்க்கச் சொன்னால், "இதாலை என்ன பிரயோசனம்? சோதினைக்கு உதவுமோ?" என்றுதான் பெற்றோர் முதலில் கேட்கிறார்கள். உதவும். ஆனால் அதைவிடப் பெரிய பயன் ஒன்று இருக்கிறது. இந்த மாவட்டத்தில் சிறுபோகத்துக்கு முன் கமக்காரர் கூட்டம் நடக்கிறது. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதெல்லாம் அங்கே பேசித்தான் முடிவாகிறது. அந்த மண்டபத்தில் உரத்துப் பேச ஆட்கள் நிறைய உண்டு. எதிர்த்தரப்புச் சொன்னதைப் பிழையில்லாமல் எடுத்துச் சொல்லி, அதற்கு மறுமொழி கொடுக்கக் கூடியவர்கள்தான் குறைவு. அப்படிப்பட்டவர்களை உருவாக்குவது விவாதம். பேச்சுப் போட்டியால் அது முடியாது. அங்கே பிள்ளைக்கு எதிரே நின்று கேள்வி கேட்க யாருமில்லை.

ஒரு தலைப்பை எடுத்துப் பார்ப்போம். 'நீர் குறைந்த வருடத்தில் சிறுபோக நெல்லை விட்டு, உழுந்து, பயறு மட்டுமே செய்ய வேண்டும்.' முன்மொழியும் அணியின் முதற்பேச்சாளர், "நெல்லுக்குத் தண்ணீர் கூடுதலாகத் தேவை" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனால் அது வெறும் கூற்று. காரணம் வரவேண்டும்: நெல் வயலில் தண்ணீர் கட்டி வைக்க வேண்டும், பயிரின் வயதும் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குக் குறையாது, உழுந்து மண்ணின் ஈரத்தில் வளரும், 70 நாள் அளவில் பிடுங்கலாம். அதன்பின் விளைவு: அதே தண்ணீரில் கூடுதல் ஏக்கர், வாய்க்காலின் கடைசியில் காணி வைத்திருப்பவருக்கும் ஒரு போகம். இவ்வளவும் சேர்ந்தால்தான் வாதம்.

எதிரணி எழும்பும். "எல்லாரும் உழுந்து விதைத்தால் விலை விழும். பள்ளக் காணியில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும்." இதற்கு மூன்று விதமாக மறுமொழி சொல்லலாம். அது உண்மையில்லை என்று காட்டலாம். உண்மைதான், ஆனால் எங்கள் திட்டத்தில் அதற்கு வழி உண்டு எனலாம். உண்மைதான், ஆனாலும் கதிர் வரும் நேரம் தண்ணீரின்றி நெல் கருகுவதைவிட இந்த நட்டம் சிறியது எனலாம். இந்த மூன்றாவதுதான் எடைபோட்டுப் பார்த்தல். பிள்ளைகளுக்கு மிகக் கடினமானதும் இதுவே. ஏனென்றால் முதலில் "நீங்கள் சொல்வது சரி" என்று மேடையில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டால் தோற்றுவிடுவோம் என்று பயந்து எல்லாவற்றையும் மறுக்கிற அணியை நடுவர்கள் நம்புவதில்லை.

விதிகள் போட்டிக்குப் போட்டி மாறும். பயிற்சிக்கு நான் பரிந்துரைப்பது 1988இல் தொடங்கிய உலகப் பாடசாலைகள் விவாதப் போட்டியின் முறை. அணிக்கு மூவர், ஆளுக்கு 8 நிமிடம், முடிவில் அணிக்கு ஒரு 4 நிமிடத் தொகுப்புரை. 8 நிமிடப் பேச்சில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர மற்ற நேரத்தில் எதிரணி எழுந்து இடைக்கேள்வி கேட்கலாம். இரண்டை ஏற்றால் போதும். ஒன்றையும் ஏற்காவிட்டால் பயந்ததாகத் தெரியும். புதிதாகப் பழகுபவர்களுக்கு 8 நிமிடம் நீளம். 4 நிமிடத்தில் தொடங்குங்கள்.

கேட்பதற்கு ஒரு தாள் வேண்டும். ஃபுல்ஸ்காப் தாளைக் குறுக்காக வைத்து, பேச்சாளருக்கு ஒன்றாக ஆறு நிரல் பிரியுங்கள். எதிரணி சொன்னதை நீலப் பேனையால் எழுதி, எங்கள் மறுமொழியைப் பக்கத்து நிரலில் சிவப்பால் எழுதி, இரண்டையும் அம்புக்குறியால் இணையுங்கள். முழு வசனமாக எழுதினால் இரண்டாம் நிமிடத்திலேயே பிள்ளை பின்தங்கிவிடும். 'உழுந்து, விலை விழும்' என்ற அளவு போதும். பேச எழும்பும்போது அம்புக்குறி இல்லாத நீல வரிகள் கண்ணில் படும். அவற்றுக்குத்தான் இன்னும் பதில் சொல்லவில்லை.

எங்கள் பாடசாலைகளில் எங்கே பிழைக்கிறது? ஆசிரியர் எழுதிக் கொடுக்கிறார், பிள்ளை பாடமாக்குகிறது. மறுப்பைக்கூட முதல் நாளே எழுதிவிடுகிறோம். அதனால் எதிரணி சொல்லாத ஒன்றுக்குப் பிள்ளை மேடையில் ஆவேசமாகப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறது. கோட்ட மட்டப் போட்டியில் வெல்லட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் விவாதத்தால் வரவேண்டிய பயன் முழுவதையும் அதுவே பறித்துவிடுகிறது. தலைப்பை மட்டும் ஒரு மணித்தியாலம் முன்னே கொடுங்கள். முதல் 10 நிமிடம் ஒருவரோடொருவர் கதைக்காமல் எழுதட்டும். இல்லாவிட்டால் வாய் கூடிய பிள்ளையின் யோசனையே அணியின் யோசனையாகிவிடும். அடுத்த 10 நிமிடம் எதிரணியின் இடத்தில் இருந்து யோசிக்கட்டும். வாதங்களைப் பிரிப்பது அதற்குப் பிறகு. பக்கத்தை நாணயம் சுண்டித் தீர்மானித்து, அடுத்த கிழமை அதே தலைப்பில் மாற்றிவிடுங்கள். நெல்லு விதைக்கிற வீட்டுப் பிள்ளை உழுந்துக்காக வாதாடினால் குடும்பத்துக்கு எதிராகப் பேசியதாகாது. தகப்பன் சொல்வதில் எது பலம், எது பலவீனம் என்று அந்தப் பிள்ளைக்கு அப்போதுதான் விளங்கும்.

நடுவர்களாக வரும் பெரியோரிடமும் ஒரு வேண்டுகோள். நான் சொன்ன உலகப் பாடசாலைகள் முறையில் உள்ளடக்கத்துக்கு 40, பாணிக்கு 40, உத்திக்கு 20 புள்ளி. குரலும் அடுக்குமொழியும் பாணிக்குள் அடங்கும். மற்ற 60ஐ அவற்றுக்குக் கொடுக்காதீர்கள். முடிவை மட்டும் அறிவித்துவிட்டு எழும்பவும் வேண்டாம். எந்த இடத்தில் எந்த அணி முந்தியது, எந்தக் கேள்வி பதிலில்லாமல் போனது என்று 10 நிமிடம் சொல்லுங்கள். ஏற்பாட்டாளர்கள் அதைப் பரிசளிப்புக்கு முன்னால் வைக்க வேண்டும். பின்னால் வைத்தால் மல்லாவியிலிருந்தும் புதுக்குடியிருப்பிலிருந்தும் வந்த பிள்ளைகள் பஸ் பிடிக்க எழும்பிவிடுவார்கள்.