நேர்வாள எண்ணெயில் முதிரும் ரத்த அணு

நண்பர்களே, வணக்கம்.

நேர்வாளங்கொட்டை கடும் பேதி மருந்து; சுத்தி செய்யாமல் சித்த வைத்தியர்கள் அதைத் தொடமாட்டார்கள். அதன் எண்ணெயில் இருக்கும் ஒரு பொருள்தான் பிஎம்ஏ. முற்றாத ரத்த அணுவைப் பெருவிழுங்கியாக (கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லாக) முதிரச் செய்ய ஆய்வகங்கள் பெரிதும் நம்பியிருப்பது இதைத்தான்.

இதற்கு வழக்கமாக எடுப்பது டிஎச்பி-1 செல்கள். ரத்தப்புற்று வந்த ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்திலிருந்து ஜப்பானில் வளர்த்தெடுக்கப்பட்டு, 1980இல் வெளியுலகுக்கு வந்தவை. பெருவிழுங்கிக்கு முந்தைய மோனோசைட் நிலையிலேயே நின்றுவிட்டுப் பெருகிக்கொண்டே இருப்பவை. செல்லுக்குள் டைஅசைல்கிளிசரால் என்ற சமிக்ஞைப் பொருள் நொடிப்பொழுது தோன்றி மறையும். பிஎம்ஏ அதைப்போலவே நடித்து புரத கைனேஸ்-சி நொதியை முடுக்கிவிடும். ஆனால் எளிதில் சிதையாது. விடாமல் தட்டப்படும் செல் பிரிவதை நிறுத்தி, தட்டின் அடியில் ஒட்டிப் பரவத் தொடங்குகிறது.

கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக முதிரும் என்ற எண்ணத்தைத்தான் முதலில் விடவேண்டும். பழைய செய்முறைகளில் மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம் என்று இருக்கும். அந்த அளவில் பிஎம்ஏவே அழற்சி மரபணுக்களைத் தூண்டிவிடும். அதன்பிறகு பாக்டீரியா நச்சைக் கொடுத்து செல்லின் எதிர்வினையை அளந்தால், எது நச்சால் வந்தது, எது மருந்தால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. 5 முதல் 25 நானோகிராம் வரை பெரும்பாலான வேலைகளுக்குப் போதும்.

செல்களை மில்லிலிட்டருக்கு 10 லட்சத்துக்கு மேல் நெருக்கமாக வளரவிடாதீர்கள். 10% சீரம் கலந்த ஆர்பிஎம்ஐ-1640 ஊடகத்தில், மில்லிலிட்டருக்கு 5 லட்சம் செல்கள் என்று தட்டில் இடுங்கள். பிஎம்ஏவை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமாகக் கரைத்து, சிறு குப்பிகளாகப் பிரித்து, வெளிச்சம் படாமல் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். 10 மில்லிலிட்டர் ஊடகத்துக்கு, மில்லிலிட்டருக்கு 25 நானோகிராம் வீதம் கொடுக்க, இந்தக் கரைசலில் கால் மைக்ரோலிட்டர்தான் வேண்டும். எந்தப் பைப்பெட்டும் அதைச் சரியாக எடுக்காது. பலருக்கு முடிவு வாரத்துக்கு வாரம் மாறுவது இங்கேதான். ஊடகத்தில் நூறு மடங்கு நீர்த்துக்கொண்டு, அதில் 25 மைக்ரோலிட்டர் சேருங்கள். நீர்த்ததை அன்றைக்கே பயன்படுத்துங்கள். கையுறை கட்டாயம்: எலித் தோலில் புற்றுக்கட்டியை வளரத் தூண்டும் பொருள் இது.

37 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு. 48 மணி நேரம். பிறகு ஊடகத்தைக் கொட்டி, செல்களை மெதுவாகக் கழுவி, பிஎம்ஏ இல்லாத புது ஊடகத்தில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். சில நாட்கள் கொடுத்தால் இன்னும் நல்லது. உடலில் உள்ள பெருவிழுங்கியின் குணம் அப்போதுதான் நெருங்கி வரும். அவசரத்தில் இந்த ஓய்வை விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஒட்டிக்கொண்டதை மட்டும் பார்த்து முதிர்ந்துவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஒளிரும் லேடெக்ஸ் மணிகளைக் கொடுத்து விழுங்குகிறதா என்று பாருங்கள். செல்லின் மேற்பரப்பில் சிடி11பி என்ற புரதம் கூடியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள். டிஎம்எஸ்ஓ மட்டும் சேர்த்த தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கவேண்டும். பிஎம்ஏ சேர்த்தும் செல்கள் மிதந்துகொண்டே இருந்தால், மருந்து பழசாகியிருக்கலாம், அல்லது செல்கள் பலமுறை மாற்றி வளர்க்கப்பட்டுக் குணம் திரிந்திருக்கலாம். மிதக்கும் செல்கள் மருந்துக்கு முன்பே அழற்சி காட்டினால் மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணிய பாக்டீரியாவின் தொற்றையும், சீரத்தில் கலந்த நச்சையும் சந்தேகியுங்கள்.

நியூட்ரோபில் என்ற வேறொரு வெள்ளணு வேண்டுமென்றால் செல்லும் வேறு, மருந்தும் வேறு. எச்எல்-60 என்ற ரத்தப்புற்றுச் செல்களை மில்லிலிட்டருக்கு 2 லட்சமாக எடுத்து, 1.25% டிஎம்எஸ்ஓ அல்லது 1 மைக்ரோமோலார் ரெட்டினாயிக் அமிலம் சேர்க்கவேண்டும். இவை ஒட்டாது, மிதந்தபடியே முதிரும். ஐந்தாம் நாளுக்குள் வளைந்த உட்கரு தெரியும். முதிர்ச்சியைச் சோதிக்கும் என்பிடி சாயம் செல்லுக்குள் கருநீலமாகப் படியும். ஏழாம் நாளைத் தாண்டவிடாதீர்கள், முதிர்ந்தவை தாமாகவே மடியத் தொடங்கிவிடும். லாக்டோஃபெரின் போன்ற இரண்டாம்நிலைத் துகள் புரதங்கள் இவற்றில் உருவாவதில்லை. அவற்றை ஆராய நினைப்பவர்கள் நன்கொடையாளர் ரத்தத்திலிருந்துதான் நியூட்ரோபில்களைப் பிரித்தெடுக்கவேண்டும்.