லூபஸ்: எதை நிறுத்துகிறோம், எதைத் தொடர்கிறோம்

நேயர்களுக்கு வணக்கம். எதிர்ப்பு சக்தியைக் கூட்ட வேண்டும் என்று கஷாயத்திலிருந்து சத்துமாவு வரைக்கும் ஊரே விற்றுக்கொண்டிருக்கும்போது, அதைக் குறைக்க மாத்திரை எழுதிக் கொடுக்கிற ஆள் நான். "அப்போ ஊர்ல இருக்கிற வியாதியெல்லாம் வந்து ஒட்டிக்குமே டாக்டர்?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

லூபஸ் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில். இவர்களுக்கு எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குகிறது. மூட்டைத் தாக்கினால் வலிக்கும், தெரிந்துவிடும். சிறுநீரகத்தைத் தாக்கினால் வலியே இருக்காது. சிறுநீர் நுரைத்துப் போகும், காலையில் கண் இமை வீங்கியிருக்கும், சிலருக்கு அதுகூட இருக்காது. ஒவ்வொரு முறையும் சிறுநீர்ப் பரிசோதனை கேட்பது அதனால்தான், லேப்காரரோடு எங்களுக்குக் கூட்டு எதுவும் இல்லை.

சரி, மருந்துக்கு வருவோம். ஸ்டீராய்டு சீக்கிரம் கேட்கும், இரண்டு மூன்று நாளிலேயே ஆள் எழுந்து நடமாடுவார். ஆனால் மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். ஸ்டீராய்டின் அளவைக் குறைக்கத்தான் எதிர்ப்பு சக்தியை மெல்ல அடக்கும் அசத்தியோப்ரின், மைக்கோஃபினோலேட் போன்றவற்றைச் சேர்க்கிறோம்; இவை வேலை காட்ட வாரங்கள், சமயத்தில் மாதங்கள் ஆகும். இங்கேதான் கோளாறு. "இந்த மாத்திரையில ஒண்ணும் தெரியல" என்று இதை நிறுத்திவிட்டு, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார்கள். நாங்கள் நினைத்ததற்கு நேர் தலைகீழ்! 2023 ஐரோப்பிய வழிகாட்டுதல், நாள்பட எடுக்கும் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, முடிந்தால் நிறுத்திவிட வேண்டும் என்கிறது. நீங்களாகத் திடீரென்று நிறுத்துவது அல்ல, அது உயிருக்கே ஆபத்து; படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சிறுநீரகம் மோசமாகப் பாதித்தால் சைக்ளோபாஸ்பமைடு ஊசி. அதன் பழைய அதிக அளவு முறையில் கருமுட்டைகள் பாழாகும் பயம் பெரிது. 2002ல் வெளியான ஐரோப்பிய ஆய்வுக்குப் பின் 500 மில்லிகிராம் வீதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு ஊசி என்ற குறைந்த அளவு முறை பரவலாகிவிட்டது.

தொற்று பயம் பொய்யல்ல, நம் ஊரில் காசநோய் வேறு இருக்கிறது. காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு நான்கு நாள் பார்க்காமல் அன்றைக்கே வாருங்கள். இன்னொன்று, அசத்தியோப்ரின் எடுப்பவருக்கு யூரிக் ஆசிட்டுக்கு என்று வேறொரு மருத்துவர் அலோப்யூரினால் எழுதினால் வெள்ளை அணுக்கள் அபாயகரமாக இறங்கிவிடும். எங்கே போனாலும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

அப்புறம், கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று பெண்ணின் மாத்திரைகளை வீட்டிலேயே ஒளித்து வைப்பார்கள், புகுந்த வீட்டில் அவள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவாள், ஆறு மாதத்தில் வீங்கிய காலோடு வருவாள். மைக்கோஃபினோலேட் கருவைக் கெடுக்கும் என்பது உண்மை, கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆனால் அதற்குப் பதில் அசத்தியோப்ரின் தரலாம், லூபஸுக்கு வழக்கமாகத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை கர்ப்பத்திலும் தொடரலாம். மாற்றிய பிறகு நோய் அடங்கியிருக்கிறதா என்று ஆறு மாதமாவது பார்க்க வேண்டியிருப்பதால், பத்திரிகை அடித்த பிறகு வராமல், பெண் பார்க்கும் பேச்சு எழும்போதே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.