ஒரு பந்தம், ஒரு குழல்

வணக்கம் நேயர்களே. பழைய ரோமாபுரி என்றால் சீசர், அகஸ்டஸ் என்று பெரிய வீட்டுக் கதைகளையே கேட்டுப் பழகிவிட்டோம். நான் இன்றைக்குச் சொல்லப்போவது துய்லியர் குடும்பத்தைப் பற்றி. ரோமில் பழைய பிரபு வம்சத்தார் பட்ரீசியர், மற்ற குடிமக்கள் பிளெபியர். துய்லியர் இந்த இரண்டாம் வகை, அதிலும் சின்னக் குடும்பம். வரலாற்றில் பெயர் நின்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கி.மு. 449இல் மார்க்குஸ் துய்லியுஸ் மக்களின் டிரிபியூனாக, அதாவது பிளெபியர் உரிமையைக் காக்கும் அதிகாரியாக இருந்தார். சட்டம் எழுத அமைத்த பத்துப் பேர் குழுவின் கொடுங்கோல் ஆட்சி அப்போதுதான் கவிழ்ந்திருந்தது. பழிவாங்கும் வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வர, பயம் இப்போது பிரபுக்கள் பக்கம் போனது. போதும், இந்த வருடம் இனி யார் மேலும் வழக்கு வேண்டாம், யாரையும் சிறையில் போட விடமாட்டேன் என்று தடுத்தவர் இந்த மார்க்குஸ்தான். ஜெயித்த கையோடு நிறுத்தத் தெரிந்த மனிதர், எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

அப்புறம் கி.மு. 260. சிசிலித் தீவுக்காக, வட ஆப்பிரிக்காவின் கடல் வல்லரசான கார்த்தேஜோடு போர். கரையில் சிக்கிய எதிரிக் கப்பல் ஒன்றை மாதிரியாக வைத்து ரோமர்கள் 120 கப்பல் கட்டினார்கள். துடுப்புக்காரர்களைத் தரையிலேயே பலகையில் வரிசையாக உட்கார வைத்துப் பழக்கினார்கள். ரோமில் வருடத்துக்கு இரண்டு பேர் கான்சல் என்ற தலைமை அதிகாரிகள். கப்பற்படைக்குத் தலைவராகப் போன பட்ரீசியக் கான்சல் சிப்பியோ லிப்பாரா தீவில் எதிரியிடம் பிடிபட்டார். தரைப்படையோடு இருந்த இன்னொரு கான்சல் காயுஸ் துய்லியுஸ் வந்து பொறுப்பேற்றார். நுனியில் இரும்பு முள் வைத்த பாலப்பலகை ஒன்று ரோமக் கப்பல்களில் நின்றது; எதிரிக் கப்பல் நெருங்கினதும் அதைத் தொப்பென்று இறக்குவார்கள், முள் தளத்தில் குத்தி நிற்கும், வீரர்கள் அதன்மேல் ஓடிப்போய்த் தரையில் சண்டை போடுவது போலவே போடுவார்கள். சிசிலிக் கரையில் மைலே அருகே கார்த்தேஜ் சுமார் 50 கப்பல்களை இழந்தது. கடல் வெற்றிக்காக ரோமில் வெற்றி ஊர்வலம் வந்த முதல் ஆள் இவர். ஃபோரம் என்ற நகரின் பொதுச் சதுக்கத்தில் கப்பல் மூக்குகள் பதித்த தூண் ஒன்றும் இவருக்காக எழுந்தது.

அவருக்குப் பிறகு அந்தக் குடும்பத்திலிருந்து ஒரு கான்சல்கூட வரவில்லை. ஆனால் விருந்து முடிந்து ராத்திரி வீடு திரும்பும்போது முன்னால் பந்தம் ஏந்த ஒருவன், குழல் ஊத ஒருவன், அது அந்தக் கிழவருக்குக் கடைசிவரை இருந்தது. சின்னப் பையனாகத் தெருவில் நின்று அதை அடிக்கடி பார்த்திருக்கிறேன் என்று பிற்காலத்தில் ரோம அரசியல்வாதி கேட்டோ சொல்வதாக எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்கிறார்.