மரினா அணைக்கட்டைக் கடலூரில் கட்டலாமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். கடலூரைச் சொந்த ஊராகக் கொண்டு, இங்கே சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கும் நேயர் ஒருவர், தெக்கோங் தீவில் கடல்நீரைத் தடுக்கும் சுவர் பற்றிய என் உரையைக் கேட்டபின் இப்படி எழுதியிருக்கிறார்: "தென்பெண்ணையாற்று முகத்துவாரத்தில் மரினா அணைக்கட்டு போல ஒன்றைக் கட்டினால் எங்கள் ஊர் பிழைக்குமா? எவ்வளவு செலவாகும்?" கேள்வி வந்ததிலிருந்து என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூரில் கடல்முகத்தில் கட்டப்பட்ட மரினா அணைக்கட்டு 2008இல் திறக்கப்பட்டது. கடல் வற்றியிருக்கும் வேளையில் கனமழை பெய்தால் அதன் ஒன்பது மதகுகளும் தாழ்ந்து, நீர் தானாகக் கடலுக்குப் போகும். கடல் ஏறியிருக்கும் வேளையில் பெய்தால் மதகுகளை மூடிவைத்து, தலா நொடிக்கு 40 கன மீட்டர் வீதம் இறைக்கக்கூடிய ஏழு பம்புகளால் நீரை வெளியேற்றுவார்கள். சைனாடவுன், கேலாங் போன்ற தாழ்வான பகுதிகளுக்கு இதனால் பெரும் நிம்மதி. ஆனால் அதில் வந்து சேரும் மழைநீர், ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெய்தது மட்டுமே.

தென்பெண்ணையோ கர்நாடகத்தில் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் எனப் பல மாவட்டங்களின் நீரைச் சுமந்துகொண்டு கடலூருக்கு வருகிறது. அதன் வடிநிலம் சுமார் 16,000 சதுர கிலோமீட்டர். ஃபெஞ்சல் புயலை அடுத்து 2024 டிசம்பரில் அந்த ஆற்றின் மேற்பகுதியிலுள்ள சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்டபோது, அந்த நீர் மரினாவின் ஏழு பம்புகளும் சேர்ந்து இறைப்பதைப்போல் பதினைந்து மடங்கு இருந்தது. முகத்துவாரத்தில் கதவு போட்டால் கடல்நீர் வேண்டுமானால் உள்ளே வராது. மலையிலிருந்து இறங்கும் நீரை என்ன செய்வது? அங்கே தேவை, அணை திறக்கும் முன்பே கீழே உள்ளவர்களை எட்டும் எச்சரிக்கையும், ஆற்றுக்கு அதன் அகலத்தைத் திருப்பித் தருவதும், கரைகளையும் முகத்துவாரத்தையும் ஆண்டுதோறும் பராமரிப்பதும்தான்.

ஊரிலிருந்து வரும் உறவினர்களை மரினா அணைக்கட்டுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். மாடியின் புல்வெளியில் பட்டம் விடுவார்கள், படம் எடுப்பார்கள், பம்புகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஒருமுறை என் சித்தப்பா மட்டும், "மழை இல்லாத நாளில் இதெல்லாம் என்ன செய்யும்?" என்று கேட்டார். "சோதனை ஓட்டம் ஓடும், உதிரிபாகம் கேட்கும், ஆட்களுக்குச் சம்பளம் கேட்கும்" என்றேன்.

நேயரும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை. எவ்வளவு செலவாகும் என்பதைவிட, வெயில் காலத்திலும் யார் பணம் எடுத்து வைப்பார்கள் என்பதே கேள்வி. முந்தைய உரைகளிலும் இதைத்தான் சொன்னேன். சலித்துக்கொள்ள வேண்டாம், இன்னொரு முறை சொல்கிறேன். சிங்கப்பூரின் கடலோரப் பாதுகாப்புக்கு நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ (சிங்கப்பூர் டாலர்) அதற்கு மேலோ ஆகலாம் என்று அன்றைய பிரதமர் திரு லீ சியன் லூங் 2019 தேசிய தினப் பேரணியில் சொன்னார். மறு ஆண்டே இதற்கென 5 பில்லியன் வெள்ளியில் தனி நிதி தொடங்கப்பட்டது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மேலும் 5 பில்லியன் சேர்க்கப்பட்டது. இது தவிர, குறைந்தது 50 ஆண்டுகள் பயன்தரும், 4 பில்லியன் வெள்ளிக்குக் குறையாத பெருந்திட்டங்களுக்கு அரசாங்கம் கடன் வாங்க 2021ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுக்கிறது. சுவரால் பயன்பெறப்போகும் பேரப்பிள்ளைகளும் அதன் செலவில் பங்கேற்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

இந்தியாவில் பணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மத்திய, மாநில அரசுகளுக்கிடையே நிதியைப் பங்கிடப் பரிந்துரைக்கும் பதினைந்தாவது நிதிக்குழு, பேரிடர் நிதியில் 80 விழுக்காட்டை மீட்பு, நிவாரணம் முதலிய பணிகளுக்கும் 20 விழுக்காட்டைப் பாதிப்பைத் தணிக்கும் பணிகளுக்கும் பிரித்துக் கொடுத்தது. தணிப்புக்கென ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கியதே பெரிய முன்னேற்றம் என்று கருதுகிறேன். ஆனாலும் இருபது குறைவு. வெள்ளம் வடிந்தபின் கொடுக்கும் தொகை எல்லோர் கண்ணுக்கும் தெரியும், வராமல் தடுத்த வெள்ளத்துக்கு யாரும் மாலை போடுவதில்லை என்பதால், அரசியலில் எண்பதின் பக்கம்தான் இழுப்பு அதிகம்.

ஆகவே நேயர் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, புதிய அணையைப் பற்றி விசாரிக்க வேண்டாம். தென்பெண்ணைக்கும் ஊருக்குள் ஓடும் கெடிலத்துக்கும் அந்த இருபதிலிருந்து இவ்வாண்டு எவ்வளவு வந்தது, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன் அதில் எவ்வளவு செலவானது என்று கேட்டு எனக்கு எழுதட்டும்.